மேற்குப் புறநகரின் சரித்திரம் – 27: பீரங்கி ஒப்பந்தமும் மூடிய கைகளும்

சென்ற அத்தியாயத்தில், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் வருஷம் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த வரலாற்றைக் கண்டோம். இப்பொழுது சொல்லப் புகும் விஷயம், அந்தத் தொழிற்சாலையின் மதிலுக்கு வெகு தூரத்தில், ஸ்வீடன் தேசத்துக் கார்ல்ஸ்கோகா நகரத்தில் தொடங்கி, டில்லிப் பாராளுமன்றத்திலும் ஜெனீவாவிலும் சென்னை மவுண்ட் ரோட்டிலும் வளர்ந்து, கடைசியில் நீதிமன்றங்களிலே தேய்ந்து மறைந்த ஒரு விவகாரம். அதற்கு ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிச் சரித்திரத்தில் இடம் ஏது என்று வாசகர் கேட்கலாம். ஆவடியில் உருவாகியிருக்க வேண்டிய பீரங்கி வண்டி ஒன்று உருவாகாமற் போனதற்குக் காரணம் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனால், போபர்ஸ் விவகாரத்தின் வாசலில்தான் வந்து நிற்கிறோம் என்பது என் விடை. அதைப் பிற்பகுதியில் விளக்குவேன்.

1986ஆம் வருஷம் மார்ச் 24ஆம் தேதி, ஏ.பி. போபர்ஸ் என்ற ஸ்வீடன் கம்பெனியிடமிருந்து 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் நானூறுக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் வாங்குவதற்கு இந்திய சர்க்கார் 1,437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. இதற்கு முன் பல தடவை ராணுவ நிபுணர்கள் பிரெஞ்சு சோஃப்மா பீரங்கியையே சிபாரிசு செய்திருந்தார்கள். அந்த வருஷம் பிப்ரவரியில் அபிப்பிராயம் மாறிற்று. அப்பொழுது தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றிருந்தவர் ஜெனரல் கிருஷ்ணசுவாமி சுந்தர்ஜி, செங்கற்பட்டில் பிறந்தவர். ஆவடியும் பூந்தமல்லியும் அந்நாளில் அதே ஜில்லாவைச் சேர்ந்தவை. குண்டு வந்த இடத்தை எதிரியின் ரேடார் கண்டுபிடிப்பதற்குள் சுட்டுவிட்டு இடம் பெயர்ந்துவிடும் வேகம் போபர்ஸ் பீரங்கிக்கு உண்டு என்பது மாற்றத்துக்குக் கூறப்பட்ட நியாயம். பதின்மூன்று வருஷங்களுக்குப் பிறகு கார்கில் மலைகளில் அந்தப் பீரங்கி செய்த காரியத்தைக் கண்டவர்கள், பீரங்கியின் தரத்தைப் பற்றி மறுவார்த்தை சொல்ல மாட்டார்கள். ஆகவே இந்த விவகாரத்தில் பொருள் மட்டமானது என்று யாரும் எண்ண வேண்டாம். நல்ல பொருளை வாங்கும்போது ஊடே நுழைந்த கைகள் யாருடையவை என்பதும், அந்தக் கைகளை மறைப்பதற்கு ஓர் அரசாங்கம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதுமே விஷயம்.

இடைத்தரகர்கள் எவரும் கூடாது என்பது சர்க்கார் தானே விதித்த நிபந்தனை. பிரதம மந்திரி ராஜீவ் காந்தி இதை ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மேயிடமே எடுத்துச் சொல்லியிருந்தார். பால்மே, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குச் சுமார் ஒரு மாதத்துக்கு முன், 1986 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு ஸ்டாக்ஹோம் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1987 ஏப்ரல் 16ஆம் தேதி ஸ்வீடன் வானொலி, இந்த ஒப்பந்தத்தைப் பெறுவதற்காக இந்தியாவில் முக்கியமானவர்களுக்குப் போபர்ஸ் கம்பெனி லஞ்சம் கொடுத்தது என்று அறிவித்தது. நான்கு நாட்களுக்கு முன்புதான், ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் பேரத்தைப் பற்றி விசாரணைக்கு உத்தரவிட்ட வி.பி. சிங், ராணுவ மந்திரி பதவியை ராஜீனாமாச் செய்திருந்தார். வானொலிச் செய்தியை சர்க்கார் உடனே மறுத்தது. 20ஆம் தேதி லோக்சபையில் பிரதம மந்திரி, லஞ்சம் எதுவும் கொடுக்கப்படவில்லை, இடைத்தரகர் எவரும் இல்லை என்று உறுதி கூறினார். விசாரித்து அறிந்த பின் கூறுவதற்கும், அறிவதற்கு முன்பே கூறிவிடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள பேதம் உண்டு. ஒரு நாட்டின் பிரதம மந்திரி சபையில் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவருடைய இலாகாக்கள் அனைத்தும் அந்த வார்த்தையைக் காப்பாற்றும் வேலையிலே இறங்கிவிடுகின்றன. உண்மையைத் தேடும் வேலை அன்றோடு நின்றுவிடுகிறது. போபர்ஸ் விவகாரத்தின் துர்ப்பாக்கியம் முழுவதும், என் அபிப்பிராயத்தில், அந்த ஏப்ரல் மாதத்து அவசரத்திலிருந்தே தொடங்கிற்று.

ஜூன் மாதம் ஸ்வீடன் தேசத்துத் தணிக்கைத் துறை, பணம் கைமாறியது உண்மைதான் என்று தன் அறிக்கையில் உறுதி செய்தது. ஆனால் பாங்கி ரகசியத்தைக் காரணம் காட்டி, யாருக்கு என்ற பகுதியை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டது. அந்தப் பெயர்களை வெளியே கொண்டுவர வேண்டுமானால் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்வோம் என்று கம்பெனியை மிரட்டலாம், அதனால் பீரங்கிகள் வருவது தாமதப்பட்டாலும் ராணுவம் தாங்கிக்கொள்ளும் என்று தலைமைத் தளபதி சுந்தர்ஜி எழுத்து மூலம் ஆலோசனை கூறினார். பீரங்கிக்காக மிகவும் தவித்திருக்க வேண்டியவர் அவர்; அவரே காத்திருக்கத் தயார் என்று சொன்னார். அந்த ஆலோசனை ஏற்கப்படவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, 1989ஆம் வருஷம் இந்தியா டுடே பத்திரிகைக்கு அவர் அளித்த பேட்டியிலேதான் ஜனங்கள் இதை அறிந்தார்கள். ராணுவத் துறை ராஜாங்க மந்திரியும் பிரதமரின் நெருங்கிய நண்பருமான அருண் சிங், 1987 ஜூலையில் பதவியை விட்டு விலகினார்.

பின்பு பி. சங்கரானந்த் தலைமையில் கூட்டுப் பாராளுமன்றக் கமிட்டி அமைந்தது. பிரதான எதிர்க்கட்சிகள் அதில் இடம்பெற மறுத்துவிட்டன. இடைத்தரகர் இல்லை, கொடுக்கப்பட்ட பணம் பழைய ஏஜெண்டுகளின் கணக்கைத் தீர்த்து அவர்களை விலக்குவதற்காகக் கொடுத்ததே என்ற கம்பெனியின் விளக்கத்தைக் கமிட்டி அநேகமாக அப்படியே ஏற்றுக்கொண்டு, 1988 ஏப்ரலில் அறிக்கை தந்தது. அந்தக் கமிட்டியில் இருந்துகொண்டே இதற்கு உடன்படாமல் மாறுபட்ட குறிப்பு எழுதியவர் ஒரு தமிழர்: அண்ணா தி.மு.க.வின் ராஜ்யசபை அங்கத்தினர் ஆலடி அருணா. எம்.ஜி.ஆர். மறைந்து கட்சியே இரண்டாய்ப் பிளந்து கிடந்த சமயம் அது. தனி மனிதராக நின்று, அத்தனை பேருக்கு நடுவே அவர் தம் மறுப்பைப் பதிவு செய்தார். தமிழ்நாடு அவரை இந்த ஒரு காரியத்துக்காகவே நினைவில் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

கமிட்டியின் அறிக்கை வந்த அதே ஏப்ரலில்தான், மவுண்ட் ரோடு கஸ்தூரி கட்டடத்திலிருந்து வெளிவரும் ஹிந்து பத்திரிகை, போபர்ஸ் கம்பெனியின் அந்தரங்கத் தஸ்தாவேஜுகளை நகல் எடுத்தபடியே முதல் பக்கத்தில் அச்சிடத் தொடங்கிற்று. ஜெனீவாவில் இருந்துகொண்டு அவற்றைத் தேடிப் பெற்றவர் சித்ரா சுப்பிரமணியம் என்ற இளம் நிருபர். சென்னையில் இருந்து அந்தப் புலன்விசாரணையை நடத்தியவர் என். ராம். தஸ்தாவேஜுகளைக் கொடுத்தவர் யார் என்பது இருபத்து நான்கு வருஷ காலம் வெளியே தெரியவில்லை. ஸ்வீடன் போலீஸில் இந்த விசாரணைக்குத் தலைமை வகித்த ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம், 2012ஆம் வருஷம் தாமே அதைச் சொல்லிக்கொண்டார். ராஜீவ் காந்தி பணம் பெற்றதற்குச் சான்று இல்லை என்றும், ஆனால் மறைப்பு வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் வாளாவிருந்தார் என்றும் அப்பொழுது லிண்ட்ஸ்ட்ரோம் கூறியதை, இந்த விவகாரத்தில் எந்தக் கட்சியில் நிற்பவரானாலும் முழுவதுமாக எடுத்துச் சொல்ல வேண்டும். பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

அந்தத் தஸ்தாவேஜுகளை ஒரு முறை நெருங்கிப் பார்ப்போம். பணம் அனுப்புமாறு பாங்கிக்கு விடுத்த கட்டளைகள், கம்பெனி அதிகாரிகளின் குறிப்புகள், தாமரை என்றும் டூலிப் மலர் என்றும் மோன் பிளாங் சிகரம் என்றும் பொருள்படும் ரகசியப் பெயர்களில் இயங்கிய ஸ்விஸ் கணக்குகள் ஆகியவை அவற்றில் இருந்தன. எல்லாவற்றிலும் தொகை சதவிகிதமாகக் கணக்கிடப்பட்டிருந்தது. ஒருவரைக் கணக்குத் தீர்த்து அனுப்புவதென்றால் ஒரு தொகை பேசிக் கொடுத்து முடிப்பார்கள். இந்தியாவிலிருந்து பணம் வரவர அதில் இத்தனை வீதம் என்று பிரித்துக் கொடுப்பதற்குக் கமிஷன் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. கமிட்டி ஏற்றுக்கொண்ட விளக்கம் இந்தச் சதவிகிதத்திலேயே தகர்ந்துபோயிற்று. ஏ.இ. சர்வீஸஸ் என்னும் கம்பெனியோடு போபர்ஸ் 1985 நவம்பர் 15ஆம் தேதி செய்துகொண்ட உடன்படிக்கை இன்னும் விசேஷமானது. 1986 மார்ச் 31ஆம் தேதிக்குள் ஒப்பந்தம் கிடைத்தால் மூன்று சதவிகிதம் உண்டு, தவறினால் கிடையாது என்பது அதன் ஷரத்து. டில்லியில் கையெழுத்தானது மார்ச் 24. கெடு முடிய ஒரு வாரமே இருந்தது. அந்த வருஷம் செப்டம்பரில், எழுபது லட்சம் டாலருக்கும் அதிகமான தொகை அந்தக் கம்பெனிக்குப் போயிற்று. அதிலிருந்து பணம் இத்தாலிய வியாபாரி ஒட்டாவியோ குவாட்ரோக்கியின் கட்டுப்பாட்டில் இருந்த கணக்குக்குச் சென்றது என்பது பிற்காலத்தில் ஸ்விஸ் பாங்கிக் காகிதங்களைக் கொண்டு சி.பி.ஐ. கூறிய குற்றச்சாட்டு. மொத்தக் கமிஷன் அறுபத்து நான்கு கோடி ரூபாய் என்று அந்நாட்களில் ஊரெல்லாம் பேச்சாக இருந்தது.

ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயில் பக்கத்து வாசகர்களில் பெரும்பாலோர் இந்தச் செய்திகளைத் தமிழில்தான் படித்தார்கள். எக்ஸ்பிரஸ் குழுமத்தைச் சேர்ந்த தினமணிக்கு அப்பொழுது ஆசிரியராக இருந்தவர், சிந்து எழுத்தாராய்ச்சியிலும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளிலும் பெயர் பெற்ற ஐராவதம் மகாதேவன். ராம்நாத் கோயங்காவின் எக்ஸ்பிரஸ் பத்திரிகை சர்க்காரை எதிர்த்து நின்ற காலம் அது. 1987 செப்டம்பர் முதல் தேதி அதன் காரியாலயங்களில் வருவாய்ப் புலனாய்வு இலாகா சோதனை நடத்திற்று. அந்த வருஷம் ஏப்ரலில், ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு கேலிச் சித்திரத்துக்காக ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டசபை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்ததையும், கண்டனம் பொறுக்காமல் இரண்டொரு நாளில் விடுவித்ததையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். பத்திரிகைகளின் மீது அதிகாரத்தின் கை எழுந்தது டில்லியில் மாத்திரம் அன்று.

1988 ஆகஸ்டு கடைசியில், அவதூறு மசோதா ஒன்றை சர்க்கார் கொண்டுவந்து லோக்சபையில் அவசரமாக நிறைவேற்றிவிட்டது. எழுதியவர் தாம் எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் சுமையைத் தாமே சுமக்க வேண்டும் என்ற அந்த மசோதா சட்டமாகியிருந்தால், தஸ்தாவேஜுகளை வெளியிட்ட ஒவ்வொரு பத்திரிகையாசிரியரும் ஊர் ஊராகக் கோர்ட்டு வாசலில் நின்றிருக்க வேண்டியதுதான். தேசம் முழுவதிலும் பத்திரிகையாளர்கள் வீதிக்கு வந்தார்கள். கொள்கையால் ஒருவரோடொருவர் ஒட்டாத பத்திரிகைகள் இதில் ஒன்று சேர்ந்தன. செப்டம்பரில் மசோதா வாபஸ் ஆயிற்று.

ஹிந்து பத்திரிகையின் கதையிலும் ஒரு முறிவு உண்டு. 1989 அக்டோபரில், மறைப்பு வேலையைப் பற்றிய புதிய தஸ்தாவேஜுகளின் வெளியீட்டை ஆசிரியர் ஜி. கஸ்தூரி பாதியில் நிறுத்தினார். என். ராம் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். சித்ரா சுப்பிரமணியம் தம் பணியைப் பின்னர் எக்ஸ்பிரஸ், ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைகளில் தொடர்ந்தார். அதனால், ஒரு பத்திரிகையின் புகழாக மட்டும் இதைப் பாடுவது சரியன்று. சில தனி மனிதர்களின் விடாமுயற்சியே இதில் பெரிது என்று நான் கருதுகிறேன்.

ஜனாதிபதி மாளிகையையும் இந்த விவகாரம் தொட்டது. 1987 முற்பகுதியில் ஜனாதிபதி ஜைல் சிங்குக்கும் பிரதமருக்கும் இடையே, அரசியல் சாசனத்தின் 78ஆம் பிரிவின்படி ஜனாதிபதிக்குத் தெரிவிக்க வேண்டியவற்றைப் பிரதமர் தெரிவிக்கிறாரா என்ற தகராறு முற்றியிருந்தது. பிரதம மந்திரியை ஜனாதிபதி நீக்கிவிடுவார் என்ற வதந்தி கூட டில்லியில் உலவிற்று. ஜூலையில் அந்த ஆசனத்துக்கு வந்தவர் ஆர். வெங்கட்ராமன். அம்பத்தூர்வாசிகளுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை: காமராஜர் மந்திரிசபையில் தொழில் மந்திரியாக இருந்து, கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் தொழிற்பேட்டைகள் வருவதற்கு வழி செய்தவர் அவர்தாம் என்பதை இத்தொடரின் முற்பகுதியில் விரிவாக எழுதியிருக்கிறேன். 1982 முதல் 1984 வரை மத்திய ராணுவ மந்திரியாகவும் இருந்தவர். பதவிக் காலம் முடிந்த பிறகு 1994இல் வெளியிட்ட நினைவு நூலில், ஜே.ஆர்.டி. டாட்டா தம்மிடம் மனம்விட்டுக் கூறிய ஓர் அபிப்பிராயத்தை அவர் பதிவு செய்திருக்கிறார்: 1980க்குப் பின் தொழிலதிபர்களிடம் கட்சி நிதி கேட்டு யாரும் வரவில்லை; ஆகவே ஆயுத பேரங்களின் கமிஷன் கட்சிக்குப் போயிற்று என்ற எண்ணம் அவர்களிடையே உண்டு என்பது அதன் சாராம்சம். இது சாட்சியமாகாது, ஆயினும் ஜனாதிபதியாக இருந்த ஒருவர் அச்சில் ஏற்றத் துணிந்த செய்தி.

அமெரிக்காவில் வாட்டர்கேட் விவகாரத்தைத் துப்புத் துலக்கியவை பத்திரிகைகள் என்றாலும், நிக்ஸன் 1974 ஆகஸ்டில் ராஜீனாமாச் செய்ததற்குக் காரணம், பத்திரிகை தொடங்கிய காரியத்தை செனெட் கமிட்டியும் விசேஷ வழக்கறிஞரும் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்று நடத்தி, ஒலிநாடாக்களை வெளியே கொண்டுவந்ததே. இங்கே பத்திரிகை தன் காரியத்தைச் செய்து முடித்தது. அதைக் கையேற்பதற்கு எந்த ஸ்தாபனமும் முன்வரவில்லை.

ஜனங்கள் தீர்ப்புச் சொன்னார்கள். 1989 நவம்பர் தேர்தலில், நானூறுக்கும் மேல் ஸ்தானங்கள் வைத்திருந்த காங்கிரஸ் 197க்கு இறங்கிற்று, வி.பி. சிங் பிரதமரானார். ஆனால் அந்தத் தஸ்தாவேஜுகள் அச்சாகிய தமிழ்நாடோ 39 தொகுதிகளில் 38ஐக் காங்கிரஸ், அண்ணா தி.மு.க. கூட்டணிக்கே தந்தது. ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில் காங்கிரஸின் மரகதம் சந்திரசேகர் வென்றார். செய்தியைப் படித்தவர்களுக்கு விஷயம் புரியவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அந்தத் தேர்தலில் நம் நாட்டார் வேறு கணக்குகளை மனத்தில் வைத்து வாக்களித்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்த தேர்தலில் அதே மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்பதற்காக, 1991 மே 21ஆம் தேதி இரவு, ராஜீவ் காந்தி மீனம்பாக்கத்தில் இறங்கி, போரூரிலும் பூந்தமல்லியிலும் காரை நிறுத்திக் கூடியிருந்தவர்களைக் கண்டு, டிரங்க் ரோடு வழியே ஸ்ரீபெரும்புதூருக்குச் சென்றார். பத்தரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்மீது இருந்த போபர்ஸ் சந்தேகத்துக்கு நேரிலே பதில் சொல்லும் சந்தர்ப்பம் அவருக்கு இல்லாமற் போயிற்று. 2004 பிப்ரவரி 4ஆம் தேதி டில்லி ஹைகோர்ட்டு, லஞ்சக் குற்றச்சாட்டிலிருந்து அவர் பெயரை நீக்கியபோது, அவர் மறைந்து பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கு பூந்தமல்லியில் அமைந்த தடா விசேஷ நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரி 28ஆம் தேதி இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறு வருஷம் மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அதை நால்வருக்கு மட்டும் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புகளைப் பற்றிப் பின்னொரு அத்தியாயத்தில் எழுத வேண்டும். பீரங்கி வழக்கின் கதி வேறு. 1990 ஜனவரியில் பதிவான அந்த வழக்கில், குவாட்ரோக்கி 1993இல் இந்தியாவை விட்டு வெளியேறினார், ஸ்விஸ் பாங்கிக் காகிதங்கள் 1997இல்தான் வந்து சேர்ந்தன, குற்றப்பத்திரிகை 1999இல் தாக்கலாயிற்று, 2005இல் எஞ்சியவர்கள் மீதான குற்றச்சாட்டுகளையும் ஹைகோர்ட்டு தள்ளிற்று, 2011இல் குவாட்ரோக்கி வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டு, 2013இல் காலமானார், 2018இல் சி.பி.ஐ.யின் அப்பீலைக் காலதாமதம் காரணமாக சுப்ரீம் கோர்ட்டு ஏற்க மறுத்தது. இந்திய நீதிமன்றம் எதுவும் இந்த விவகாரத்தில் ஒருவரையும் தண்டிக்கவில்லை.

இனி ஆவடிக்கு வருவோம். போபர்ஸ் ஒப்பந்தத்தில், பீரங்கியை இந்தியாவிலேயே செய்வதற்கான தொழில்நுட்பத்தைப் பெறும் வழியும் இருந்தது. வரைபடங்கள் வந்தன, அவற்றைத் தொடுவதற்கு யாருக்கும் துணிவு இல்லை. ஜபல்பூரில் அவற்றிலிருந்து தனுஷ் பீரங்கி பிறப்பதற்கு ஏறக்குறைய மூன்று தசாப்தங்கள் ஆயின. இதற்கிடையில் ஆவடிப் போர் வாகன ஆராய்ச்சி நிலையத்தார், தாங்கள் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியின் அடிப்பாகத்தின் மேல் தென்னாப்பிரிக்க டெனெல் கம்பெனியின் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் கூண்டை ஏற்றி, பீம் என்ற தானே நகரும் பீரங்கியை உருவாக்கிப் பரீட்சையும் பார்த்தார்கள். விஜயந்தாவின் அடிப்பாகத்தில் ஐம்பதுகளின் ருஷ்யப் பீரங்கியைப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்த ராணுவத்துக்கு அது பெரிய முன்னேற்றமாக இருந்திருக்கும். 2005ஆம் வருஷம், வேறொரு துப்பாக்கி பேரத்தில் கமிஷன் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து டெனெல் கம்பெனி தடை செய்யப்பட்டது. அதோடு பீமும் முடிந்தது. பிறகு அந்த நிலையத்தார் அர்ஜுன் அடிப்பாகத்தில் மறுபடியும் அதே பழைய ருஷ்யப் பீரங்கியைப் பொருத்த வேண்டியதாயிற்று. போபர்ஸுக்குப் பின், வெளிநாட்டிலிருந்து புதிய 155 மில்லிமீட்டர் பீரங்கி வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2016 நவம்பரில்.

1987இல் பெயர்களை வெளியிட்டு, குற்றம் செய்தவரைத் தண்டித்து, பீரங்கியை வைத்துக்கொண்டிருந்தால், கமிஷன் வாங்கினவர்களோடு விவகாரம் தீர்ந்திருக்கும். மூடி மறைத்ததனால், உண்மை எது என்று எக்காலத்திலும் தெரியாமற் போய், ஆயுதம் வாங்கும் ஒவ்வொரு காகிதமும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. கையெழுத்திட அஞ்சும் அதிகாரிகளும், வதந்தி கேட்டவுடனே தடை விதிக்கும் மந்திரிகளும் உண்டானார்கள். அறுபத்து நான்கு கோடியை விட அந்த அச்சத்தினால் தேசம் இழந்தது மிக அதிகம். ஆவடி இழந்ததும் அதில் அடக்கம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1987 முதல் 1989 வரையிலான தினமணி, ஹிந்து இதழ்களையோ, அக்காலத்துத் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளையோ, ஆவடித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பரணில் போட்டு வைத்திருந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கன்னிமாரா நூலகத்துக்கோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ எழுதி, அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு, அவர்களிடம் ஒப்படையுங்கள்.

(தொடரும்)